சிறுநீரக ஸ்லைடில் நிறமும் வெற்றிடமும் எப்படி வருகின்றன?

சென்னை மருத்துவக் கல்லூரிகளில் முதலாமாண்டு ஹிஸ்டாலஜி (திசுவியல்) ரெக்கார்டு எழுத இரண்டு கலர் பென்சில் போதும்: ஊதா, இளஞ்சிவப்பு. உட்கருவுக்கு ஊதா, மற்றதற்கெல்லாம் இளஞ்சிவப்பு என்று தீட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடலாம். ஆனால் அந்த நிறங்கள் ஏன் அங்கே ஒட்டின, வெள்ளையாகக் கிடக்கும் இடங்களில் முன்பு என்ன இருந்தது என்று தெரிந்தால், அதே ஸ்லைடிலேயே பிசியாலஜி பாடமும் கிடைத்துவிடும். இதற்குச் சிறுநீரகத்தின் கார்டெக்ஸ் (வெளிப்புறப்) பகுதியைவிட நல்ல உதாரணம் இல்லை.

உடலிலிருந்து எடுத்த திசு அந்த நிமிடமே அழுகத் தொடங்குகிறது. செல்லின் சொந்த நொதிகளே அதைக் கரைக்கும். மே மாத வெயிலில் இது இன்னும் வேகமாக நடக்கும். அதைத் தடுக்கத்தான் ஃபார்மலின். கடையில் கிடைக்கும் ஃபார்மால்டிஹைடு கரைசலின் அடர்த்தி 37 முதல் 40 சதவீதம். அதில் 100 மி.லி.யை 900 மி.லி. வடிநீரில் கலந்து, பாஸ்பேட் உப்புகள் சேர்த்து பி.எச். அளவை 7-க்கு அருகில் நிறுத்த வேண்டும். உப்பு சேர்க்காமல் விட்டால் நாளடைவில் ஃபார்மிக் அமிலம் உருவாகும்; அந்த அமிலத்தன்மையில் ஃபார்மலின் ஹீமோகுளோபினோடு வினைபுரிந்து, ரத்தம் நிறைந்த திசுக்களில் கரும்பழுப்புத் துகள்கள் படியும். சிறுநீரக ஸ்லைடில் இதைப் பார்ப்பவர் ஏதோ நோய் என்று எண்ணிவிடக்கூடும். ஃபார்மலின் திசுவுக்குள் மணிக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் நுழையும், உள்ளே போகப் போக வேகம் இன்னும் குறையும். அதனால் துண்டின் கனம் 4 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. திசுவின் கனஅளவைப்போல் குறைந்தது பத்து மடங்கு திரவம் வேண்டும்.

அடுத்தது நீரை வெளியேற்றுவது. 70, 90, 100 சதவீதம் என்று ஏறுவரிசையில் ஆல்கஹால், பிறகு சைலீன், அதன்பின் 60 டிகிரியில் உருகிய பாரஃபின் மெழுகு. மெழுகும் நீரும் சேராது என்பதால்தான் இத்தனை படிகள். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் இங்கே ஒரு சிக்கல் வரும். மூடி சரியாக இல்லாத ஜாடியில் உள்ள முழு ஆல்கஹால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்த நீர் திசுவோடு சேர்ந்து சைலீனுக்குப் போகும்போது சைலீன் பால்போல் கலங்கும். அதைக் கண்டுகொள்ளாமல் மெழுகில் போட்டால், வெட்டும்போது துண்டின் நடுப்பகுதி பொடிந்து விழும். ஆல்கஹாலை மாற்றி, திசுவை ஒரு படி பின்னுக்கு எடுத்துச் சென்று மறுபடி நீர் நீக்குவதுதான் வழி.

கொழுப்பு காணாமல் போவதும் இந்தக் கட்டத்தில்தான். ஆல்கஹாலும் சைலீனும் அதைக் கரைத்துவிடுகின்றன. சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கொழுப்புச் செல்கள் வெற்று வளையங்களாகத் தெரிவதற்குக் காரணம் இதுவே.

மெல்லிய சீவல்களாக வெட்டும் மைக்ரோடோமில் 4 அல்லது 5 மைக்ரோமீட்டர் கனத்தில் சீவும்போது வெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி ரிப்பனாக வரும். அறை சூடாக இருந்தால் மெழுகு இளகி வெட்டுகள் நசுங்கும். திசு பதிந்த மெழுகுக் கட்டையைப் பனிக்கட்டியின் மேல் வைத்துக் குளிர்வித்து வெட்ட வேண்டும். ரிப்பனில் நேர்கோடாகக் கீறல் தொடர்ந்தால் கத்தியின் விளிம்பு உடைந்திருக்கிறது. ஒரு வெட்டு தடித்தும் அடுத்தது மெலிந்தும் வந்தால் கத்தியோ கட்டையோ சரியாக இறுக்கப்படவில்லை.

இனி நிறம். மெழுகை நீக்கிய வெட்டை ஊதா நிறம் தரும் ஹீமட்டாக்சிலினில் ஐந்து முதல் எட்டு நிமிடம் வைப்பார்கள். இந்தச் சாயம் மத்திய அமெரிக்க மரம் ஒன்றின் உள்வைரத்திலிருந்து வருவது. அலுமினிய உப்போடு சேரும்போது இதற்கு நேர்மின் சுமை கிடைக்கிறது, டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. இரண்டின் பாஸ்பேட்டுகளுக்கும் எதிர்மின் சுமை. அதனால் உட்கருவில் பற்றிக்கொள்கிறது. இளஞ்சிவப்பு தரும் ஈயோசின் நேர்மாறானது, புரதங்களின் நேர்மின் பகுதிகளில் ஒட்டும். அமில ஆல்கஹாலில் சில நொடிகள் முக்கி மிகுதிச் சாயத்தை எடுத்தபின் ஹீமட்டாக்சிலின் செந்நிறமாக இருக்கும். அதை நீலமாக்க லேசான காரத்தன்மை உள்ள நீர் வேண்டும். குழாய்த் தண்ணீரில் கரைந்துள்ள பைகார்பனேட் இந்த வேலையைச் செய்துவிடும். ஆர்.ஓ. தண்ணீரிலும் கேன் தண்ணீரிலும் அது மிகக் குறைவு. அதில் எவ்வளவு நேரம் கழுவினாலும் உட்கரு மங்கிய செம்பழுப்பாகவே நிற்கும். ஒரு லிட்டர் நீரில் 3.5 கிராம் சோடியம் பைகார்பனேட், 20 கிராம் மெக்னீசியம் சல்பேட் கரைத்து அதில் முக்கினால் நீலம் வந்துவிடும்.

தயாரான ஸ்லைடை 10 மடங்கு லென்சில் வைத்தால் முதலில் கண்ணில் படுவது உருண்டையான குளோமெருலஸ்கள், அதாவது ரத்தத்தை வடிகட்டும் நுண்நாளச் சுருள்கள். சுற்றிலும் வட்டம், நீள்வட்டம், நீண்ட பட்டை என்று பல வடிவங்கள். எல்லாம் வளைந்து ஓடும் குழாய்களின் வெட்டுமுகங்கள்தாம். இடியாப்பத்தைக் கத்தியால் குறுக்கே வெட்டினால் வெட்டுமுகத்தில் என்ன வடிவங்கள் தெரியுமோ, அதே கதைதான் இங்கும். வடிவத்தை வைத்துக் குழாயின் பெயர் சொல்ல முடியாது.

பெரும்பான்மையாகத் தெரிபவை குளோமெருலஸை அடுத்து வரும் பிராக்சிமல் குழாய்கள். பின்னால் வரும் டிஸ்டல் குழாயைவிட இவை நீளமானவை, வளைவுகளும் அதிகம். அதனால் ஒரே வெட்டில் பலமுறை அகப்படுகின்றன. ஒரு நாளைக்கு வடிகட்டப்படும் சுமார் 180 லிட்டர் திரவத்தில் மூன்றில் இரண்டு பங்கை மீட்டெடுப்பது இவைதான். சோடியத்தை வெளியே தள்ளும் பம்புகளுக்கு ஏ.டி.பி. வேண்டும், அதற்கு மைட்டோகாண்ட்ரியா வேண்டும். மைட்டோகாண்ட்ரியாவின் புரதங்களில் ஈயோசின் அழுத்தமாக ஒட்டுவதால்தான் இந்த ஆழ்ந்த இளஞ்சிவப்பு. செல்கள் அகலமானவை என்பதால் 5 மைக்ரோமீட்டர் வெட்டு பல செல்களில் உட்கருவைத் தொடாமலே போய்விடும். அண்டைச் செல்களின் பக்கச் சுவர்கள் விரல் கோத்ததுபோல் பின்னியிருப்பதால் செல் எல்லையும் தெரியாது. டிஸ்டல் குழாயிலும் மைட்டோகாண்ட்ரியா உண்டு. நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். செல்கள் சிறியவையா, உட்கருக்கள் நெருங்கியிருக்கின்றனவா, குழாயின் நடுவிலுள்ள உள்ளிடம் சுத்தமாகத் திறந்திருக்கிறதா என்று மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்; மூன்றும் இருந்தால் அது டிஸ்டல்.

பிராக்சிமல் குழாயின் உள்ளிடம் நட்சத்திரம்போல் குறுகியிருக்கும் என்று மனப்பாடம் செய்கிறோம். உயிருள்ள சிறுநீரகத்தில் அது நன்கு விரிந்தே இருக்கிறது. ரத்த ஓட்டம் நின்றதும் வடிகட்டல் நிற்கிறது. குழாயில் மீதமிருந்த திரவத்தைச் செல்கள் உறிஞ்சிவிட, உள்ளிடம் ஒடுங்குகிறது. அதன் செல்களின் உள்முகத்தில் நுண்விரல்கள் அடர்ந்த தூரிகை விளிம்பும் மிக விரைவில் சிதைவது. ஃபார்மலினில் தாமதமாகப் போட்ட திசுவில் அந்த விளிம்பு தெளிவில்லாமல், உள்ளிடம் முழுக்கத் துணுக்குகளாக இருக்கும். பயிற்சி ஸ்லைடில் அப்படிக் கண்டால் குழாய் நோய்வாய்ப்பட்டது என்று எழுதும் முன், பக்கத்துக் குழாய்களும் அதே நிலையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். எங்கும் ஒரே சீராகச் சிதைந்திருந்தால் பெரும்பாலும் தாமதம்தான் காரணம்.

தேர்வில் அதிகம் கேட்கப்படுவதும் கண்ணில் அகப்படாததும் மாக்குலா டென்சா, அதாவது குளோமெருலஸை ஒட்டிய டிஸ்டல் குழாய்ச் சுவரில் உள்ள நெருக்கமான செல் தொகுதி. குளோமெருலஸின் விட்டம் சுமார் 200 மைக்ரோமீட்டர். அதை 5 மைக்ரோமீட்டர் கனத்தில் வெட்டினால் நாற்பது சீவல்கள் வரும். ரத்தநாளம் நுழையும் முனை அவற்றில் சிலவற்றில் மட்டுமே இருக்கும். ஆகவே ஒரு குளோமெருலஸில் தேடிச் சலிக்காமல் 10 மடங்கிலேயே ஸ்லைடை நகர்த்திக்கொண்டு போக வேண்டும். ஓரத்தை ஒட்டி ஒரு டிஸ்டல் குழாய், அதில் குளோமெருலஸ் பக்கச் சுவரில் மட்டும் உட்கருக்கள் நெருக்கியடித்து நிற்கும் இடம் தென்பட்டால் 40-க்கு மாற்றலாம். அங்குள்ள செல்கள் ஒடுங்கி உயர்ந்தவை. எதிரே ஓடும் திரவத்தின் சோடியம் குளோரைடு அளவை அவை உணர்கின்றன: குறைந்தால் ரத்த அழுத்தத்தை உயர்த்த உதவும் ரெனின் சுரப்பைத் தூண்டும், கூடினால் உள்வரும் ரத்தநாளத்தைச் சுருக்கி அந்த நெஃப்ரானின் (ஒரு குளோமெருலஸும் அதன் குழாயும் சேர்ந்த அலகின்) வடிகட்டலைக் குறைக்கும். இந்தச் சுவர் ரத்தநாளத்தை ஒட்டியே அமைந்திருப்பதால்தான் அது சாத்தியமாகிறது. ரெக்கார்டில் வரையும்போதும் குழாயைத் தள்ளி வைக்காமல் அந்த நாளத்தோடு ஒட்டியே வரையுங்கள்.