கதவைச் சாத்தினால் கேமரா

எங்கள் ஊர் டீக்கடைக்குப் பனையோலைக் கூரை. ஓலை இத்துப்போய் அங்கங்கே ஓட்டை. உச்சி வெயிலில் தரையைப் பார்த்தால் காசு சிதறிக் கிடப்பதுபோல வட்ட வட்டமாக வெளிச்சம். கூரையில் இருக்கும் ஓட்டைகளில் ஒன்றுகூட வட்டம் இல்லை. கிழிசல், கீறல், காக்கா கொத்தியது என்று கோணல்மாணலாக இருக்கும். கீழே விழுவது மட்டும் எப்படி வட்டமாகிறது?

அது சூரியனின் படம். ஒளி நேர்கோட்டில்தான் போகும். சூரியனின் மேல் விளிம்பிலிருந்து வரும் கதிர் ஓட்டையில் நுழைந்து கீழ்ப்பக்கம் விழும். கீழ் விளிம்பின் கதிர் மேற்பக்கம் விழும். இப்படி ஒவ்வொரு புள்ளியும் தன் இடத்தில் விழுந்தால் தரையில் ஒரு தலைகீழ்ச் சூரியன் கிடைக்கும். ஓட்டை சின்னதாகவும் தரை தள்ளியும் இருந்தால் ஓட்டையின் வடிவம் எடுபடாது. 2010 ஜனவரி 15 அன்று மதியம் ஒரு மணி தாண்டி, இராமேஸ்வரம் பக்கமெல்லாம் வளையச் சூரிய கிரகணம். அன்றைக்கு அந்த வட்டங்கள் அத்தனையும் வளையல்களாகிவிட்டன. அண்ணாந்து பார்க்கப் பயந்தவர்கள் தரையைப் பார்த்தே கிரகணத்தை முழுசாகப் பார்த்துவிட்டார்கள்.

சூரியனின் அகலம், அது இருக்கும் தூரத்தில் ஏறக்குறைய 108-ல் ஒரு பங்கு. ஆகவே இரண்டரை மீட்டர் உயரக் கூரையிலிருந்து விழும் வட்டம் சுமார் 23 மில்லிமீட்டர் இருக்கும். ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள், சரியாக வரும்.

கேமரா கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று கிளம்புகிறவர்கள் விடியற்காலையில் தனுஷ்கோடிக்கும் பாம்பன் பாலத்துக்கும் ஓடுகிறார்கள். போகட்டும், அழகான இடங்கள்தான். ஆனால் அங்கே வெளிச்சம் நம் சொல் கேட்காது. வீட்டுக்குள் கேட்கும்.

முதல் பாடம், வீட்டையே கேமராவாக்குவது. எங்கள் வீட்டுக் கிழக்கு ஜன்னல் பாக் ஜலசந்தியைப் பார்த்தது. கறுப்பு அட்டையால் அதை முழுசாக அடைத்து, நடுவில் 10 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு துளை போட்டேன். கதவிடுக்கில் பழைய கைலி. நேரம் மதியம் மூன்றரை. அது முக்கியம்: வெயில் நம் முதுகுப் பக்கமிருந்து கடல்மேல் விழ வேண்டும். காலையில் கிழக்கே பார்த்தால் எல்லாம் நிழலுருவம்தான். முதலில் ஒன்றும் தெரியாது. கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடமாவது ஆகும். அப்புறம் எதிர்ச் சுவரில் மெல்ல மெல்லக் கடல் வந்தது. மேலே நீலத் தண்ணீர், கீழே வானம், நடுவில் தலைகீழாகத் தொங்கும் பனைமரம். தெற்கே போகிற வல்லம் படகு சுவரில் வடக்கே போனது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "வெளிய போயிப் பாத்தா நேராத் தெரியுமேடா" என்றார். நியாயம்தான்.

இது புதிதல்ல. பதினோராம் நூற்றாண்டிலேயே அரபு அறிஞர் இப்னு அல்-ஹைதம் இருட்டறையும் துளையும் வைத்து ஒளியை ஆராய்ந்தவர். இன்று மிஞ்சியிருக்கும் மிகப் பழைய கேமராப் படத்தை 1826-27 வாக்கில் பிரான்சில் நியெப்ஸ் என்பவர் எடுத்தார். எதை எடுத்தார் தெரியுமா? தன் வீட்டு மாடி ஜன்னலுக்கு வெளியே தெரிந்த கூரைகளை.

இப்போது துளையோடு விளையாடுங்கள். அகலத்தைப் பாதியாக்கி 5 மில்லிமீட்டர் ஆக்கினால் படம் கூர்மையாகும், ஆனால் வெளிச்சம் கால் பங்காகிவிடும், ஏனென்றால் குறைவது துளையின் பரப்பு. கேமராவில் அபெர்ச்சர் என்பது இந்தத் துளைதான். எஃப் எண் என்பது துளையிலிருந்து படம் விழும் இடம்வரை உள்ள தூரத்தைத் துளையின் அகலத்தால் வகுத்தது. என் அறையில் சுவர் 3 மீட்டர், துளை 10 மில்லிமீட்டர், ஆக எஃப் 300. எண் பெரிதானால் துளை சிறிது என்பது ஏன் எல்லோரையும் குழப்புகிறது என்று இப்போது புரியும். அதற்காகத் துளையைச் சின்னதாக்கிக்கொண்டே போக முடியாது. 3 மீட்டர் அறையில் இரண்டரை மில்லிமீட்டருக்குக் கீழே போனால் ஒளி துளையின் விளிம்பில் வளைந்து விரிந்து, படம் மறுபடி மங்கும். பெரிய துளையும் வேண்டும், கூர்மையும் வேண்டும் என்ற பேராசைக்குப் பதில்தான் லென்ஸ்.

சுவரில் விழுந்ததை மொபைலில் எடுக்க, எல்லாவற்றையும் நாமே வைத்துக்கொள்ளும் ப்ரோ மோடில் ஐஎஸ்ஓ (கிடைத்த வெளிச்சத்தை எவ்வளவு பெருக்கிக் காட்டுவது என்ற எண்) 800, வெளிச்சம் உள்ளே வரும் நேரம் 10 விநாடி வைத்தேன். மொபைலை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்தாயிற்று. பெரும்பாலான மொபைல்களில் துளையின் அளவு மாறாது. அதனால் நம் கையில் இருப்பது நேரமும் ஐஎஸ்ஓவும்தான்.

நேரத்துக்கு வாத்தியார் சீலிங் ஃபேன். நிமிடத்துக்கு 300 சுற்று என்று வைத்துக்கொண்டால், 60 சென்டிமீட்டர் நீள இறக்கையின் நுனி விநாடிக்குக் கிட்டத்தட்ட 19 மீட்டர் ஓடுகிறது. வெளிச்சத்தை உள்ளே விடும் கதவான ஷட்டர் 30-ல் ஒரு விநாடி திறந்திருந்தால் அதற்குள் நுனி 60 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்து, வெறும் புகையாகத் தெரியும். 1000-ல் ஒரு விநாடி என்றால் 2 சென்டிமீட்டர்கூட நகராது, இறக்கை நின்றுவிடும். ஆனால் படம் இருட்டாகிவிடும். ஐஎஸ்ஓவை ஏற்றினால் வெளிச்சம் வரும், கூடவே மணல் தூவியதுபோலப் புள்ளி புள்ளியாக ஒரு சொரசொரப்பும் வரும்.

அந்தப் புள்ளி எங்கிருந்து வருகிறது என்பதை எங்கள் ஜில்லாக்காரர்களுக்குச் சொல்வது சுலபம். மழை தூறத் தொடங்கினால் முற்றத்தில் இருக்கிற குடத்தையெல்லாம் வரிசையாக வைப்போம். நாலு துளி தூறி நின்றுவிட்டால் ஒரு குடத்தில் ஏழு சொட்டு, பக்கத்துக் குடத்தில் பன்னிரண்டு. அடித்துப் பெய்தால் எல்லாக் குடமும் ஒரே அளவு. கேமராவுக்குள் படம் விழும் சில்லான சென்சாரில் இருப்பவை கோடிக்கணக்கான குட்டிக் குடங்கள், விழுவது ஒளித்துகள். சராசரி 100 துகள் விழுந்தால் குடத்துக்குக் குடம் சுமார் 10 முன்னே பின்னே இருக்கும், அதாவது பத்து சதவீதம். 10,000 விழுந்தால் 100, அதாவது ஒரு சதவீதம்தான். ஐஎஸ்ஓ மழையைக் கூட்டாது. இருக்கிற தண்ணீரைப் பெருக்கிக் காட்டும், ஏற்றத்தாழ்வையும் சேர்த்துப் பெருக்கும்.

அடுத்து ஜன்னலோரம் ஒரு முட்டை. அட்டையை விரலகலம் மட்டும் திறந்தால் முட்டையின் நிழல் கத்தியால் வெட்டியதுபோல விழும். முழுசாகத் திறந்தால் நிழலின் ஓரம் கரைந்துபோகும். பொருளிலிருந்து பார்க்கும்போது வெளிச்சம் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதுதான் கணக்கு. சூரியன் அரை டிகிரி. ஒரு மீட்டர் அகல ஜன்னல், ஒரு மீட்டர் தள்ளி நின்றால் 53 டிகிரி. மூன்று மீட்டர் போனால் 19-தான். கடற்கரை வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்ற அத்தை, திண்ணையில் கருவாடு ஆயும்போது படத்தில் ஏன் அவ்வளவு லட்சணமாக விழுந்தார் என்றால் இதனால்தான். அங்கே அவருக்கு விளக்கு வானம் முழுவதும். இருட்டுக் கன்னத்தின் பக்கம் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்தால் போதும், அதுவும் ஒரு விளக்கு.

அதே வேட்டியை வைத்து இன்னொன்று. ஃபிரேம் முழுக்க வேட்டி மட்டும் இருக்கும்படி எடுங்கள், சாம்பல் நிறமாக வரும். கறுப்புக் குடையை எடுங்கள், அதுவும் சாம்பல். கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்குத் தெரிவது பட்டுத் திரும்பி வரும் வெளிச்சத்தின் அளவு மட்டுமே. பொருள் வெள்ளையா, வெயில்தான் அதிகமா என்று அதனால் பிரிக்க முடியாது. அதனால் எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பலுக்கு இழுக்கிறது. புது மொபைல்கள் காட்சியை ஊகித்துக் கொஞ்சம் சமாளிக்கின்றன, அவ்வளவே. இது தெரியாத காலத்தில் வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் எடுத்த படங்களை அத்தையிடம் காட்டினேன். "சிமெண்டு மூட்டை பிரிஞ்சு கெடக்குற மாதிரில்ல இருக்கு" என்றார்.

அடுத்த தடவை எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்குச் சேரும் வெளிச்சத்தை, ஒரு ஸ்டாப் ஏற்றினேன். ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு. உப்பு வெள்ளையாக வந்தது. ஆசையில் இரண்டுக்கு மேல் ஏற்றியபோது குவியலின் உச்சி விழுந்த இடத்தில் சென்சாரின் குட்டிக் குடங்கள் நிரம்பி வழிந்துவிட்டன. அங்கே கல் உப்பின் பரலே தெரியவில்லை, வெறும் வெள்ளைத் தாள்.