பழைய கணினிக்கு ரேம் வாங்கும் முன் சிப்புகளை எண்ணுங்கள்

இரண்டு ரேம் ஸ்டிக்குகள். இரண்டின் லேபிளிலும் டிடிஆர்3 (ரேமின் தலைமுறை), 4 ஜிபி (கொள்ளளவு), 1333 (வேகம்) என்றே அச்சிட்டிருக்கிறது. பல ஆண்டுகள் உழைத்த ஒரு மேசைக் கணினியில் முதலாவதைச் செருகினால் வழக்கம்போல் திரை வருகிறது. அதைக் கழற்றிவிட்டு இரண்டாவதைச் செருகினால் விசிறி சுற்றுகிறது, பீப் ஒலி விடாமல் கேட்கிறது, திரை மட்டும் கறுப்பாகவே நிற்கிறது. ரேம் கெட்டுவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். அதே ஸ்டிக்கைச் சற்றுப் புதிய கணினியில் போட்டால் ஒரு குறையும் இல்லாமல் ஓடும்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதில் இருபுறமும் எட்டெட்டாகப் பதினாறு கறுப்புச் சிப்புகள். இரண்டாவதில் ஒருபுறம் மட்டும் எட்டு. சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

தலைமுறை மாறினால் பொருந்தாது என்பது பலருக்கும் தெரியும். டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டிலும் 240 பின்கள். ஆனால் அடியில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருப்பதால் மாற்றிச் செருக முடியாது. மின்னழுத்தமும் வேறு: டிடிஆர்2-க்கு 1.8 வோல்ட், டிடிஆர்3-க்கு 1.5, டிடிஆர்4-க்கு 1.2. இந்தத் தவறை அந்த வெட்டே தடுத்துவிடும். அழுத்திச் செருகாமல் இருந்தால் போதும். வெட்டு தடுக்காத தவறுகள்தான் ஆளைச் சுற்றலில் விடுபவை.

ரேம் சிப்புக்குள் தகவல்கள் கட்டம் போட்ட தாள் மாதிரி வரிசைகளிலும் நெடுவரிசைகளிலும் இருக்கின்றன. அப்படி எட்டுத் தாள்கள். ஒவ்வொன்றுக்கும் பேங்க் என்று பெயர். ஒரு கட்டத்தைப் படிக்க வேண்டுமானால் ரேமை இயக்கும் மெமரி கன்ட்ரோலர் முதலில் பேங்க் எண்ணையும் வரிசை எண்ணையும் அனுப்பும், பிறகு நெடுவரிசை எண்ணை அனுப்பும். எண்கள் பயணிப்பது முகவரிக் கம்பிகள் வழியாக. 2 ஜிகாபிட் டிடிஆர்3 சிப் ஒன்றில், பேங்குக்கு 32,768 வரிசைகள். அந்த எண்ணைச் சொல்ல 15 பிட் போதும். 4 ஜிகாபிட் சிப்பில் 65,536 வரிசைகள். அதற்கு 16 பிட் வேண்டும்.

பதினாறு சிப் உள்ள ஸ்டிக்கில் ஒவ்வொரு சிப்பும் 2 ஜிகாபிட். எட்டு சிப் உள்ளதில் ஒவ்வொன்றும் 4 ஜிகாபிட். 8 ஜிகாபிட் சேர்ந்தால் 1 ஜிபி என்பதால் மொத்தம் இரண்டிலும் 4 ஜிபிதான். ஆனால் இன்டெல் ஜி41 போன்ற பழைய சிப்செட்டுகள் (மதர்போர்டில் ரேமைக் கையாளும் சிப்புகள்) 2 ஜிகாபிட் சிப் வரைக்கும் வடிவமைக்கப்பட்டவை. வீட்டு எண் எழுத இரண்டு இலக்கத்துக்கு மட்டும் இடமுள்ள படிவத்தில் நூறாவது வீட்டை எப்படிக் குறிப்பது? அதே நிலைமைதான். சில கணினிகள் பாதிக் கொள்ளளவை மட்டும் காட்டும், பல துவங்கவே மறுக்கும்.

இது ஒரு தலைமுறையோடு முடிந்த கதையும் இல்லை. 2013-இல் வந்த இன்டெல் ஹாஸ்வெல் பிராசசர்களில் 8 ஜிகாபிட் சிப்புகளால் ஆன 16 ஜிபி டிடிஆர்3 ஸ்டிக் வேலை செய்யாது. அங்கே தடுப்பது வரிசை அல்ல, கூடுதலாக வேண்டிய ஒரு நெடுவரிசை பிட்.

அதனால் மதர்போர்டு கையேட்டில் ‘அதிகபட்சம் 8 ஜிபி’ என்று பார்த்ததும் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். ஸ்லாட் எண்ணிக்கையால் அதை வகுத்துப் பாருங்கள். நான்கு ஸ்லாட் என்றால் ஒன்றுக்கு 2 ஜிபி என்று பொருள். அதில் 4 ஜிபி ஸ்டிக் ஓடும் என்று நம்பி வாங்குவது ஆபத்து. லேபிளில் ‘2ஆர்×8’ என்றிருந்தால் பதினாறு சிப், ‘1ஆர்×8’ என்றிருந்தால் எட்டு. மேலே உலோகத் தகடு மூடியிருந்து லேபிளிலும் இந்தக் குறி இல்லையென்றால், பழைய கணினிக்கு அந்த ஸ்டிக்கை நான் வாங்க மாட்டேன்.

லேபிள் குறி ‘×4’ என்று (ஒரு சிப் ஒரே நேரத்தில் 4 பிட் தரும் என்று பொருள்) முடியும் ஸ்டிக்குகளிடம் கூடுதல் கவனம் தேவை. ‘ஏஎம்டி-க்கு மட்டும்’ என்ற குறிப்போடு மலிவாக வருபவை பெரும்பாலும் இவைதான். இன்டெல் மேசைக் கணினிகளில் ஓடாது. சர்வர்களிலிருந்து கழற்றிய ரெஜிஸ்டர்ட் வகை ரேமும் அப்படித்தான். டிடிஆர்3 ரெஜிஸ்டர்ட் ஸ்டிக் சாதாரண ஸ்லாட்டில் அழகாக உட்காரும், கணினி மட்டும் துவங்காது. நடுவில் ஒரு தனிச் சிப் இருந்தால் அது இந்த வகை என்று சந்தேகப்படலாம்.

வேகத்தைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். 1600 ஸ்டிக்கை 1333-க்கு மேல் போகாத போர்டில் போட்டால் 1333-இல் ஓடும். இரண்டு வேகங்களைக் கலந்தால் மெதுவானதன் வேகமே இரண்டுக்கும். ஸ்டிக்கின் ஓரத்தில் இருக்கும் மிகச் சிறிய எஸ்பிடி சிப் இதற்கு உதவுகிறது. வரிசை எத்தனை, நெடுவரிசை எத்தனை, எந்த வேகம், எத்தனை வோல்ட் என்ற விவரமெல்லாம் அதில் பதிந்திருக்கும். பவர் பட்டனை அழுத்தியதும், ரேம் இன்னும் வேலை செய்யத் தொடங்காத நிலையில், கணினியைத் துவக்கும் அடிப்படை நிரலான பயாஸ் முதலில் படிப்பது அதைத்தான். தன்னால் கையாள முடியாத விவரம் வந்தால் பயாஸ் எழுப்பும் குரல்தான் அந்த பீப்.

இப்போது ஓடும் ரேமின் விவரம் தெரிய, சிபியு-இசட் என்ற இலவசச் செயலியில் எஸ்பிடி பக்கத்தைத் திறந்தால் போதும். அதே அமைப்பில் இன்னொன்று வாங்குவதே மிகப் பாதுகாப்பான வழி. ஒரே நிற ஸ்லாட்டுகளில் இணையாகப் போட்டால் ரேமுக்கான இரண்டு சேனல்களும் (தரவுப் பாதைகள்) சேர்ந்து உழைக்கும். இயங்குதளம் 32 பிட்டாக இருந்தால் மட்டும் முதலில் அதை மாற்றுங்கள். விண்டோஸ் 7-இன் 32 பிட் பதிப்பு 4 ஜிபிக்கு மேல் எடுத்துக்கொள்ளாது.

பொருத்தியதும், ரேமைச் சோதிக்கும் நிரலான மெம்டெஸ்ட்86-ஐ ஓர் இரவு முழுக்க ஓடவிடுங்கள். காலையில் சிவப்பில் ஒரே ஒரு பிழை இருந்தாலும், ஸ்டிக்குகளைத் தனித்தனியாக, ஒரே ஸ்லாட்டில் போட்டு மறுபடி சோதியுங்கள். பிழை ஸ்டிக்கோடு நகர்ந்தால் ரேமைத் திருப்பிக் கொடுக்கலாம். எந்த ஸ்டிக்கைப் போட்டாலும் பிழை வந்தால், அடுத்த ஸ்லாட்டில் போட்டுப் பார்க்க வேண்டும்.