‘நீர்க்கட்டி’ என்ற ஒரு வார்த்தையோடு நிற்காதீர்கள்

ஓசூர் சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் பார்க்கும் பெண்ணும் சரி, பாலக்கோட்டில் தக்காளி பறிக்கப் போகும் பெண்ணும் சரி, இரண்டு மாதம் குளிக்கவில்லை, அதாவது மாதவிலக்கு வரவில்லை என்றால் முதலில் போவது மெடிக்கலுக்குத்தான். ஐந்து நாள் மாத்திரை. நிறுத்திய ஒரு வாரத்துக்குள் உதிரம் போகிறது. சரியாகிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள்.

சரியாகவில்லை. அது புரோஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோன் வகை மாத்திரை. மருந்து நின்றதும் கருப்பையின் உள்படலம் உதிர்கிறது, அவ்வளவுதான். கருமுட்டை ஏன் வெளிவரவில்லை என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. கர்ப்பமா என்று சிறுநீரில் பார்க்காமல் அந்த மாத்திரையைத் தொடவே கூடாது.

உதிரம் தொடங்கிய நாளிலிருந்து அடுத்த முறை தொடங்கும் நாள் வரை எண்ணுங்கள். 21 முதல் 35 நாள் வரை சரியான சுற்று. வயதுக்கு வந்த முதல் மூன்று வருடம் 45 நாள் வரை போகலாம். 90 நாள் தாண்டினால் யாராக இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். உதிராத படலம் தடித்துக்கொண்டே போகும்.

ஸ்கேனில் ‘நீர்க்கட்டி’ என்று வந்ததும் ஆபரேஷனா என்று அம்மாக்கள் பதறுகிறார்கள். பெரும்பாலும் அவை கட்டியே அல்ல. முழுதாக வளராமல் நின்ற 2 முதல் 9 மில்லிமீட்டர் வரையிலான முட்டைப்பைகள். வயதுக்கு வந்து எட்டு வருடம் ஆகாத பெண்ணுக்கு இவை நிறைய தெரிவது இயல்பு, ஸ்கேனை மட்டும் வைத்து ‘பிசிஓஎஸ்’ (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) என்று பெயர் சூட்டக் கூடாது.

தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்), சர்க்கரை, ஹீமோகுளோபின், ரத்த அழுத்தம், இடுப்புச் சுற்றளவு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். தூக்கத்தில் புரோலாக்டின் ஏறும். நைட் ஷிஃப்ட் முடிந்து பகலில் தூங்கி எழுந்த உடனே ரத்தம் கொடுத்தால் இல்லாத நோய் இருப்பதுபோல் காட்டும். எழுந்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்துக் கொடுங்கள்.

வீடு தேடி வந்து சர்க்கரை பார்க்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அம்மாவுக்குப் பார்க்க வருபவரிடம், நாள் தள்ளிப்போகும் மகளைப் பற்றியும் சொல்லுங்கள். பிசிஓஎஸ் உள்ள பெண்களுக்குச் சர்க்கரை நோய் சீக்கிரம் வரும் வாய்ப்பு அதிகம்.

தைராய்டு மாத்திரை போட்ட கையோடு டீ குடித்தால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுவிட்டு அரை மணியாவது பொறுங்கள். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

எடை கூடியிருந்தால் 5 சதவீதம் குறைந்தாலே பலருக்குச் சுற்று திரும்புகிறது. 70 கிலோவில் மூன்றரைக் கிலோ. ‘களி சாப்பிட்டா எடை குறையும்’ என்பது பாதி உண்மை. பெரிய உருண்டை இரண்டு தின்றால் அதுவும் மாவுச்சத்துதான். உருண்டையைச் சிறிதாக்கி, கீரையும் பயறும் கூட்டுங்கள். கேழ்வரகில் கால்சியம் தாராளம், ஆனால் இரும்பு எளிதில் சேராது. முளைகட்டி அரைத்தால் கொஞ்சம் மேல். கூட எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருக்கட்டும், டீயை ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள்.

மணிக்கொரு நாப்கின் நனைவது, எட்டு நாளுக்கு மேல் போவது, பெரிய கட்டியாக விழுவது, இவற்றை ‘உடம்புச் சூடு’ என்று விடாதீர்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. மாதவிலக்கு நின்று ஒரு வருடம் ஆன பிறகு புடவையில் ஒரு துளி கறை பட்டாலும் அந்த வாரமே மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள்.