மலை உச்சியில் ஒரு செம்புக் குழாய்

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: 5 வாட் கைச்செட் (வாக்கிடாக்கி) ஒரு குன்றைக்கூடத் தாண்டுவதில்லை, பொழுதுபோக்காக ரேடியோவில் பேசும் ஹாம்கள் மட்டும் மாவட்டம் தாண்டிப் பேசுகிறார்களே, எப்படி?

145 மெகாஹெர்ட்ஸ் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும், மலை மறித்தால் நின்றுவிடும். அதனால் உயரத்தில் ஒரு ரிப்பீட்டரை வைக்கிறார்கள். காதில் விழுந்ததை அது அப்போதே வேறு அலைவரிசையில் திருப்பிச் சொல்லும். ஏலகிரி சுமார் 1,100 மீட்டர், வேலூர் சுமார் 200. இடையில் வேறு மலை மறிக்காத திசையில், இந்த உயரத்துக்கு 120 கிலோமீட்டர் எட்டும்.

அமெரிக்க ஹாம்கள் 1960களில் டாக்சி, போலீஸ் வண்டிகளில் கழித்துக்கட்டிய எஃப்எம் செட்டுகளை வாங்கி ரிப்பீட்டர் கட்டினார்கள். அங்கேதான் சிக்கல். ரிப்பீட்டர் கேட்கும் அலைவரிசைக்கும் பேசும் அலைவரிசைக்கும் இடைவெளி வெறும் 600 கிலோஹெர்ட்ஸ். தூரத்துக் கைச்செட்டிலிருந்து வருவது ஒரு வோல்ட்டில் 50 லட்சத்தில் ஒரு பங்கு. பக்கத்திலேயே 25 வாட் டிரான்ஸ்மிட்டர், அதைவிட 300 கோடி கோடி மடங்கு வலுவாக. ரிசீவர் செவிடாகாமல் என்ன செய்யும்?

முதலில் இரண்டையும் தனித்தனி இடத்தில் வைத்துக் கம்பியால் இணைத்தார்கள். அப்புறம் வந்தது டூப்ளெக்சர். அரை மீட்டர் உயரச் செம்புக் குழாய், நடுவில் ஒரு தண்டு. கால் அலைநீளத்துக்குச் சரியாக வெட்டினால் அது ஒரே ஒரு அலைவரிசைக்கு மட்டும் ஒத்ததிரும். அந்த அதிர்வை வைத்தே வேண்டாத அலையை விழுங்கவைக்கலாம். ரிசீவர் பக்கக் குழாய்கள் டிரான்ஸ்மிட்டரின் அலையை விழுங்கும். டிரான்ஸ்மிட்டர் பக்கக் குழாய்கள் அதன் இரைச்சலில் ரிசீவரின் அலைவரிசையில் விழும் பகுதியை விழுங்கும். இரண்டு பக்கத்துக்கும் ஒரே ஆன்டெனா போதும்!

எனக்கு மிகவும் பிடித்தது அந்தத் தண்டுதான். செம்பு சூட்டில் நீளும். 25 டிகிரி ஏறினால் ஒத்ததிர்வு சுமார் 60 கிலோஹெர்ட்ஸ் கீழே நகர்ந்துவிடும். ஊசிமுனை போலக் குறுகிய அந்த வடிகட்டலுக்கு இது பெரிய விலகல். வேலூர் வெயிலை நினைத்துப் பாருங்கள். அதனால் தண்டின் நீளத்தைப் பிடித்துவைக்க இன்வார் என்ற இரும்பு, நிக்கல் கலவையைச் சேர்க்கிறார்கள். அது நீளுவது செம்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இன்வாரைக் கண்டுபிடித்த இயற்பியலாளர் சார்ல் கியோம் தேடியது மீட்டர் அளவுகோலுக்கு மலிவான உலோகம். 1920இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ‘இதனால் என்ன பயன்’ என்று கேட்டு ஆராய்ச்சிக் காசை நிறுத்துபவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. வேலூர்ப் பக்கம் இத்தனை பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. ஒரு ஆய்வகத்துக்குக் கொஞ்சம் செம்புக் குழாயும் ஒரு இன்வார் கம்பியும் வாங்கிக் கொடுங்கள். மாணவர்கள் மே மாதம் மொட்டை மாடியில் வைத்து அதிர்வெண் எவ்வளவு நகர்கிறது என்று அளந்து பார்க்கட்டும்.