கோலப்பொடியில் நிலவின் பள்ளங்கள்

பள்ளி அறிவியல் கண்காட்சிகளுக்குப் போகும்போதெல்லாம் சமையல் சோடாவும் வினிகரும் பொங்கும் எரிமலையைப் பார்க்கிறேன். பிள்ளைகளின் உழைப்பில் குறையில்லை. ஆனால் எரிமலை அப்படி வெடிப்பதில்லை. மேலெழும் பாறைக்குழம்பின் மீதான அழுத்தம் குறையக் குறைய, அதில் கரைந்திருந்த நீராவியும் வாயுக்களும் குமிழ்களாகப் பிரிந்து குழம்பை வெளியே தள்ளுகின்றன. குலுக்கிய சோடா பாட்டிலைத் திறந்து காட்டினால்கூட உண்மைக்கு நெருக்கமாக இருக்கும். அதைவிட முக்கியம், அந்த எரிமலையில் மாணவர் அளந்து பார்க்க எதுவுமே இல்லை. அளவெடுக்காத செய்முறை வேடிக்கையோடு நின்றுவிடும் என்பது நிலவியல் கற்பிக்கும் என் உறுதியான கருத்து.

ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு நான் முதலில் சொல்வது விண்கல் பள்ளச் சோதனை. அகலமான பேசினில் நான்கு விரல் ஆழத்துக்குச் சலித்த உலர் மணல். அதன் மேல் வண்ணக் கோலப்பொடி மெல்லிய படலமாக. பழைய பேரிங்கில் கழற்றிய எஃகுக் குண்டை அரை மீட்டர், ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் உயரங்களிலிருந்து விட வேண்டும். குனிந்து பார்ப்பவர்கள் பாதுகாப்புக் கண்ணாடி அணிவது அவசியம். குண்டைக் காந்தத்தால் மேலே இழுத்தெடுத்தால் பள்ளத்தின் விளிம்பு அதிகம் சிதையாது. கூடவே கருமணலும் ஒட்டி வரும். காந்தம் ஈர்க்கும் இரும்புக் கனிமமான மேக்னடைட் பற்றிப் பேச அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ஒவ்வோர் உயரத்துக்கும் மூன்று முறை பள்ளத்தின் விட்டத்தை அளந்து சராசரி எடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் மணலைக் கிளறிச் சமப்படுத்த வேண்டும், அழுத்தக் கூடாது.

அளப்பதற்கு முன் விடையை ஊகிக்கச் சொல்வேன். உயரம் நான்கு மடங்கானால் பள்ளத்தின் விட்டமும் நான்கு மடங்காகும் என்றே பெரும்பாலோர் எழுதுவார்கள். ஸ்கேல் காட்டுவது ஏறத்தாழ 1.4 மடங்கு. விட்டம் இரட்டிக்க மோதல் ஆற்றல், அதாவது குண்டை விடும் உயரம், 16 மடங்கு வேண்டும் என்பதை வரைபடத்தாளில் அவர்களே கண்டுபிடிக்கும்போது ஆசிரியர் குறுக்கே பேசாமலிருந்தால் போதும்.

சாய்வாக எறிந்தால் பேசினில் பள்ளம் நீளும். நிலவிலோ பெரும்பாலான பள்ளங்கள் வட்டமானவை. விண்கல் நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் மோதி வெடித்துச் சிதறுவதே காரணம். நம் மாதிரி எங்கே பொய்க்கிறது என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

பிறகு பாறை. நிலவின் வெண்ணிற மேட்டுநிலம் பெரும்பாலும் அனார்த்தோசைட் என்னும் வெளிர்நிறப் பாறை. 1971இல் அப்பல்லோ 15 வீரர்கள் அதில் ஒரு துண்டைக் கொண்டுவந்தார்கள். அதே வகைப் பாறை நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் கிடைக்கிறது. சந்திரயான்-2 சோதனைகளுக்காக இஸ்ரோ செயற்கை நிலவு மண் தயாரித்தது அந்தப் பகுதிப் பாறையைப் பொடித்துத்தான். நம் ஆய்வகங்களில் கிரானைட்டுக்கும் சுண்ணாம்புக்கல்லுக்கும் பக்கத்தில் அதில் ஒரு துண்டும் ஒரு கைலென்ஸும் இருக்க வேண்டும்.