1877-இல் நின்றுபோகும் பாடம்

டெக்சாஸில் எட்டாம் வகுப்புக்கு அமெரிக்க வரலாறு எடுக்கிறேன். குடியேற்றக் காலத்தில் தொடங்கி 1877 வரைதான் பாடத்திட்டம். ஆகஸ்டில் ஆரம்பிக்கும் வகுப்பு ஜேம்ஸ்டவுன், விடுதலைப் போர், அரசியல் சட்டம் என்று நிதானமாக நகர்ந்து உள்நாட்டுப் போருக்கு வந்து சேரும்போது வசந்தம் பிறந்திருக்கும். மாநிலத் தேர்வும் நெருங்கியிருக்கும். போர் முடிந்த பிறகான பன்னிரண்டு ஆண்டுகளை அவசர அவசரமாகத் தாண்டுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அப்புறம் உயர்நிலைப் பள்ளியில் இதே வரலாறு 1877-இலிருந்து தொடரும். இரண்டு வகுப்புகளுக்கும் நடுவில் விழுந்துவிடுவது 1865 முதல் 1877 வரையிலான மறுசீரமைப்புக் காலம் (Reconstruction). போரில் தோற்ற தென் மாநிலங்களை மீண்டும் நாட்டோடு இணைத்து, விடுதலை பெற்ற அடிமைகளுக்கு உரிமை தர முயன்ற காலம் அது. இந்த நாட்டில் நம் பிள்ளைகள் அனுபவிக்கும் உரிமைகளில் பல அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் எழுதப்பட்டவை. தமிழ்ப் பெற்றோர் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் வட மாநிலங்களுக்கும் பிரிந்துபோன தென் மாநிலங்களுக்கும் நடந்த உள்நாட்டுப் போரின் காரணம். "மாநில உரிமைக்காகத்தானே சண்டை?" என்று கேட்டபடி வரும் மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. நான் பதில் சொல்வதில்லை. 1861 பிப்ரவரி 2 அன்று டெக்சாஸ் மாநாடு, தன் மாநிலம் ஏன் அமெரிக்க ஒன்றியத்திலிருந்து பிரிந்து போகிறது என்று வெளியிட்ட அறிக்கையைக் கையில் கொடுத்துவிடுவேன். அடிமைமுறை எதிர்காலம் முழுவதும் நீடிக்க வேண்டும் என்பதே தன் மக்களின் எண்ணம் என்று அதில் வெளிப்படையாக எழுதியிருக்கிறது. தப்பியோடிய அடிமைகளைத் திருப்பித் தர மறுக்கிறார்கள் என்று வட மாநிலங்கள் மீது புகாரும் இருக்கிறது. வட மாநிலங்கள் தங்கள் உரிமையைப் பயன்படுத்தியதுதான் தெற்குக்குக் குறையாகத் தெரிந்தது என்பதைப் பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்கிறார்கள். டெக்சாஸ் கல்வி வாரியம் 2018-இல்தான் பாடத்திட்டத்தைத் திருத்தி, அடிமைமுறை பரவியதற்குப் போரின் காரணங்களில் மைய இடம் கொடுத்தது. அதற்கு முன்பு பள்ளி முடித்தவர்கள் வேறு மாதிரி படித்திருப்பார்கள். உங்கள் அலுவலக நண்பர் ஒருவர் இன்னும் மாநில உரிமைக் கதையைச் சொன்னால் காரணம் அதுவாகவும் இருக்கலாம்.

போரைப் பற்றி மாணவர்களுக்கு நிறையவே தெரியும். கெட்டிஸ்பர்க், லிங்கன், கிராண்ட், லீ. போர் முடிந்த மறுநாள் விடுதலை பெற்றவர் எங்கே தூங்கினார், எதைச் சாப்பிட்டார் என்று கேட்டால்தான் வகுப்பு அமைதியாகிவிடும். அங்கேதான் நான் நேரம் செலவிடுகிறேன்.

1865 ஜூன் 19 அன்று டெக்சாஸின் கால்வெஸ்டன் நகரில் வட படையின் ஜெனரல் கிரேஞ்சர் வெளியிட்ட மூன்றாம் எண் ஆணையை எடுத்துக்கொள்ளுங்கள். அடிமைகளின் விடுதலையைக் கொண்டாடும் ஜூன்டீன்த் விடுமுறை அதிலிருந்து வந்ததுதான். அடிமைகள் எல்லோரும் விடுதலை பெற்றவர்கள், தனிமனித உரிமையிலும் சொத்துரிமையிலும் முன்னாள் எஜமானர்களுக்கு முற்றிலும் சமமானவர்கள் என்று அது தொடங்குகிறது. விழாக்களில் அதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் அதே ஆணை, இருக்கும் இடத்திலேயே அமைதியாக இருந்து கூலிக்கு வேலை செய்யுங்கள், சும்மா இருப்பவர்களை யாரும் தாங்க மாட்டார்கள் என்ற அறிவுரையோடுதான் முடிகிறது. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் தலைமுறை தலைமுறையாகக் கூலியில்லாமல் உழைத்தவர்களைப் பார்த்துச் சொன்னது இது.

நிலம் தருவதாக ஒரு நம்பிக்கையும் இருந்தது. 1865 ஜனவரியில் வட படையின் ஜெனரல் ஷெர்மன் போட்ட ஆணைப்படி தென் கரோலினா, ஜார்ஜியா, புளோரிடா கடற்கரைப் பகுதிகளில் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை ஒதுக்கினார்கள். அதே ஆண்டிலேயே குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் அந்த நிலங்களைப் பழைய உரிமையாளர்களுக்கே திருப்பிக் கொடுக்கச் செய்தார். அதைச் சொல்லத் தென் கரோலினாவின் எடிஸ்டோ தீவுக்குப் போனவர் போரில் வலது கையை இழந்த ஜெனரல் ஹோவர்ட். நில உரிமையாளர்களை மன்னித்துவிடுங்கள் என்று அவர் கேட்டார். தீவு மக்களின் குழு பதில் கடிதம் எழுதியது. நீங்கள் போரில் ஒரு கையைத்தான் இழந்தீர்கள், உங்களால் மன்னிக்க முடியலாம். என்னை மரத்தில் கட்டி 39 சவுக்கடி கொடுத்தவனை, என் தாயையும் சகோதரியையும் அடித்தவனை எப்படி மன்னிப்பது என்ற பொருளில் போகிறது அந்தக் கடிதம். இதைப் படித்த பிறகு, நிலம் இல்லாதவர்கள் ஏன் பழைய எஜமானரின் வயலிலேயே விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்குப் பயிரிட்டுக் கடனில் மூழ்கினார்கள் என்று நான் விளக்கவே வேண்டியதில்லை. விவசாயக் குடும்பத்துத் தாத்தா பாட்டி உள்ள நம் பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரிகிறது.

சரி, நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு? பிறப்பால் குடியுரிமை என்பது 1868-இல் நிறைவேறிய பதினான்காவது சட்டத்திருத்தத்தில் இருக்கிறது. கறுப்பின மக்கள் குடிமக்களாக முடியாது என்று 1857-இல் டிரெட் ஸ்காட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை மாற்றத்தான் அது எழுதப்பட்டது. பின்னர் 1898-இல், சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வாங் கிம் ஆர்க்கின் வழக்கில் அதே திருத்தத்தின் அடிப்படையில் அவர் குடிமகன் என்று தீர்ப்பானது. விசாவில் வந்த பெற்றோருக்கு இங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளை அமெரிக்கப் பாஸ்போர்ட் வைத்திருப்பது இந்த வழியில்தான். இந்தியாவிலிருந்து குடியேறியவர்கள் விண்ணப்பித்துக் குடியுரிமை பெறும் உரிமை 1946-இல் வந்த சட்டத்தில்தான் உறுதியானது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மறுசீரமைப்பு தோற்றுப்போன முயற்சி என்று மட்டும் சொல்லி முடிப்பது எனக்கு உடன்பாடில்லை. அடிமையாகப் பிறந்த மேத்யூ கெய்ன்ஸ் 1870-இல் டெக்சாஸ் மாநில செனட்டில் உட்கார்ந்தார், எல்லோருக்கும் இலவசப் பள்ளி வேண்டும் என்று போராடினார். நம் ஊர்ப் பிள்ளைகள் மேற்படிப்புக்கு வரும் டெக்சாஸ் ஏ அண்ட் எம் வளாகத்தில் அவருக்கு 2021-இல் சிலை வைத்தார்கள். மறுசீரமைப்பு, முயற்சி தோற்ற கதை அல்ல, தோற்கடிக்கப்பட்ட கதை. வன்முறையும் மிரட்டலும் கறுப்பின மக்களைச் சட்டமன்றத்திலிருந்து வெளியே தள்ளின; வாக்களிக்கக் கட்ட வேண்டிய வாக்கு வரி 1902-இல் வந்து, அவர்கள் திரும்பி வரும் வழியையும் அடைத்தது. 1883-க்குப் பிறகு டெக்சாஸ் செனட்டுக்கு அடுத்த கறுப்பின உறுப்பினராக பார்பரா ஜோர்டன் தேர்வானது 1966-இல்தான்.

ஹூஸ்டன் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்று. தமிழர்கள் நிறைய வாழும் சுகர் லேண்டில் 2018-இல் ஒரு பள்ளிக் கட்டடத்துக்காகத் தோண்டியபோது 95 பேரின் எலும்புகள் கிடைத்தன. அடிமைமுறையை ஒழித்த பதின்மூன்றாவது திருத்தம், குற்றத்துக்கான தண்டனைக்கு மட்டும் விலக்கு வைத்திருந்தது. அந்த விலக்கைப் பிடித்துக்கொண்டு டெக்சாஸ் அரசு கைதிகளைக் கரும்புத் தோட்டங்களுக்குக் குத்தகைக்கு விட்டது. அப்படி உழைத்துச் செத்தவர்கள் அவர்கள். அந்தப் பகுதியில் கல்லறைகள் இருக்கும் என்று முன்னாள் சிறைக் காவலர் ரெஜினால்ட் மூர் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார். யாரும் பெரிதாகக் காதில் வாங்கவில்லை. நம் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டும் ஊர் அது.

வீட்டில் பேசும்போது ஒரு விஷயத்தில் கவனம் தேவை. அடிமை ஏலத்தை நடித்துக் காட்டுவது போன்ற பயிற்சி எந்த வகுப்பிலாவது நடந்தால் தயங்காமல் ஆசிரியரிடம் பேசுங்கள். அது ஒரு குழந்தையை மற்ற குழந்தைகள் முன்னால் அவமானப்படுத்துமே தவிர எதையும் கற்றுத்தராது. ஆவணங்களே போதும். மூன்றாம் எண் ஆணை ஒரே ஒரு பத்திதான், தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 1861 அறிக்கை டெக்சாஸ் மாநில நூலகத் தளத்தில் இருக்கிறது. இரண்டையும் பிள்ளையோடு உட்கார்ந்து சத்தமாகப் படியுங்கள். படித்து முடித்ததும், 1865 ஜூன் 20 காலையில் அந்த மக்கள் முன்னால் என்னென்ன வழிகள் இருந்திருக்கும் என்று கேளுங்கள். பதில் சொல்ல அவசரப்படுத்த வேண்டாம்.