சமன்பாட்டுக்குள் மட்டும் ஏன் வேறு எழுத்து?

கணித ஆவணங்களை அச்சுக்கோக்கும் மென்பொருளான லேடெக்கின் வழக்கமான எழுத்துருவான கம்ப்யூட்டர் மாடர்ன் பலருக்குச் சீக்கிரமே அலுத்துவிடும். சரி, டைம்ஸ் எழுத்துருவுக்கு மாறலாம் என்று பழைய டைம்ஸ் பேக்கேஜை (லேடெக்கோடு சேர்க்கும் கூடுதல் தொகுப்பு) ஒரு வரி சேர்த்தால் வாக்கியங்கள் மட்டும் மாறும், சமன்பாடுகள் அப்படியே நிற்கும். ஒரே வரியில் வாக்கியத்தின் 2 தடிமனாகவும் கணிதத்தின் 2 மெலிந்தும் இருக்கும். ஒருமுறை கண்ணில் பட்டால் போதும், அப்புறம் அதுதான் உறுத்திக்கொண்டே இருக்கும்.

டைம்ஸின் சாய்வெழுத்தையே கணிதத்துக்கும் போட்டால் என்ன? அது சொற்களுக்காக வரைந்தது. எஃப்-இன் கொக்கி அடுத்த எழுத்தின் தலைமேல் சாயும். கணிதத்தில் எஃப், எக்ஸ் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் அவை பெருக்கப்படும் இரண்டு தனி மாறிகள், இடைவெளி வேண்டும்; தலைப்பக்கம் வலது பக்கம் சாய்வதால் மேலே வரும் அடுக்கு தள்ளியும், கீழ்க்குறி உள்ளே ஒட்டியும் உட்கார வேண்டும். ஒவ்வொரு எழுத்தும் எவ்வளவு சாய்கிறது என்ற அளவு எழுத்துருவுக்குள்ளேயே இருக்கும். போதாததற்கு, டைம்ஸ் சாய்வில் வி-யும் கிரேக்க நியூவும் கிட்டத்தட்ட ஒன்று.

வடிவத்தைவிட எண்கள்தான் முக்கியம் என்பேன். கணிதக் குறி எழுத்துருவிடம், லேடெக்குக்கு அடியில் இயங்கும் டெக் 22 அளவுகளைக் கேட்கிறது, பெரிய குறிகளுக்கானதிடம் 13: அடுக்கு எவ்வளவு ஏற வேண்டும், பின்னக் கோடு எந்த உயரத்தில் ஓட வேண்டும், அதன் தடிமன் எவ்வளவு (கம்ப்யூட்டர் மாடர்னில் 0.4 பாயின்ட்) என்றெல்லாம். 10 பாயின்ட் எழுத்தை 5-க்குச் சும்மா சுருக்கினால் கோடுகள் நூலாகிவிடும் என்பதால், டெக்கையும் கம்ப்யூட்டர் மாடர்னையும் உருவாக்கிய டொனால்ட் க்னூத் 7-க்கும் 5-க்கும் அகலமும் தடிமனும் கூட்டித் தனியாகவே செய்தார். சிறிய எக்ஸ் எழுத்தின் உயரமும் ஒத்துப்போக வேண்டும். 10 பாயின்டில் கம்ப்யூட்டர் மாடர்னுக்கு அது சுமார் 4.3, ஹெல்வெட்டிகாவுக்கு 5.2, பக்கத்தில் வைத்தால் சமன்பாடு குள்ளமாகத் தெரியும்.

மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் 2007-உடன் வந்த கேம்ப்ரியா மேத், இந்த அளவுகளையெல்லாம் ஒரே எழுத்துருக் கோப்பில் ஓர் அட்டவணையாக வைத்தது. இன்று லேடெக்கின் யூனிகோட்-மேத் பேக்கேஜ் படிப்பதும் அந்த வகை அட்டவணையைத்தான்.

க்னூத் ஒருமுறை தலைகீழாகவும் போனார். ஹெர்மன் சாஃப் வரைந்த ஆய்லர் கணித எழுத்துரு, கம்ப்யூட்டர் மாடர்ன் பக்கத்தில் கருமையாகத் தெரிந்தது. அதனால் 1989-இல் வந்த கான்கிரீட் மேத்தமேடிக்ஸ் நூலுக்காக, கணிதத்துக்குத் தோதாக வாக்கிய எழுத்துருவையே புதிதாகச் செய்தார், கான்கிரீட் ரோமன் என்ற பெயரில். நமக்கு அந்தப் பொறுமை கிடையாது. டைம்ஸ் சாயல் வேண்டுமானால் ஸ்டிக்ஸ் டூ, இல்லாவிட்டால் லிபர்டினஸ், இரண்டிலும் வாக்கியமும் கணிதமும் ஜோடியாகவே கிடைக்கின்றன.